பொறித்த எண்ணும் உள்ளே இருக்கும் துளையும்



பழைய பந்தய கார்புரேட்டர் ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலையாக அதைக் கழுவிவிடாதே. ஓசூர் பக்கத்து ஒர்க்ஷாப்புகளில் சாதாரணமாக நடப்பது அதுதான். கழற்றியதும் பெட்ரோலில் ஊறப்போடுவார்கள், ஏர் அடிப்பார்கள், ரிப்பேர் கிட் மாட்டுவார்கள், வண்டி ஸ்டார்ட் ஆனால் வேலை முடிந்தது. தினம் வேலைக்குப் போகிற வண்டிக்கு இது போதும். பந்தயத்தில் ஓடிய கார்புரேட்டருக்குப் போதாது. நீடில் லாக் எத்தனையாவது காடியில் இருந்தது, ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று திறந்திருந்தது, ஃப்ளோட்டின் நாக்கை எவ்வளவு வளைத்திருந்தார்கள் என்பதெல்லாம் முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்பு யாரோ ஒரு டியூனர் இரவெல்லாம் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். அவற்றை எழுதிவைக்காமல் பிரிப்பது அவருடைய உழைப்பை அழிப்பதற்குச் சமம்.

ஓசூருக்குப் பக்கத்துச் சானமாவில் இருந்துகொண்டு நீ பழைய பந்தய கார்புரேட்டர்களை அளந்து சீர்செய்யும் வேலையைக் கையில் எடுத்திருப்பது பொருத்தமான காரியம். இந்த வட்டாரத்துக்கும் சின்ன எஞ்சினுக்கும் உள்ள உறவு நீண்டது. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூர் ஆலையிலிருந்துதான் வெளியே வந்தது. 1982-ல் டிவிஎஸ் தன் பந்தய அணியைத் தொடங்கியது. 1984-ல் சுசுகியோடு சேர்ந்து 100 சிசி இண்ட்-சுசுகி வந்தது. அந்தக் காலத்தில் பந்தயம் என்றால் சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள் அவை. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே கட்டிய தடம் திறந்த பிறகு கூட்டமும் வண்டிகளும் அங்கே நகர்ந்தன. யமஹா ஆர்எக்ஸ்100, இண்ட்-சுசுகி, பின்னால் வந்த ஷோகன் எல்லாம் ஓடியது கார்புரேட்டரில்தான். 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதிகள் வந்ததும் புது வண்டிகள் அநேகமாக எல்லாமே ஃப்யூயல் இஞ்செக்ஷனுக்கு மாறிவிட்டன. கார்புரேட்டரைக் கையால் பழகிய தலைமுறை ஓய்வு பெறுகிற வயதுக்கு வந்துவிட்டது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இனி எண்களுக்கு வருவோம். ஒரு ஜெட்டின் தலையில் 100 என்று பொறித்திருந்தால் அது எதைச் சொல்கிறது? கம்பெனியைப் பொறுத்தது. கெய்ஹின், டெல்லார்ட்டோ ஜெட்டுகளில் அது துளையின் விட்டம். 100 என்றால் 1.00 மில்லிமீட்டர். பழைய புல்லட்டில் இருந்த அமால் ஜெட்டில் அது நிமிடத்துக்கு எத்தனை சிசி எரிபொருள் போகும் என்ற கணக்கு. மிக்குனியில் இரண்டு வகையும் உண்டு. ஆறுபட்டைத் தலை மெயின் ஜெட்டில் எண் ஓட்டத்தைக் குறிக்கும், வட்டத் தலையில் துளையைக் குறிக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு கம்பெனி ஜெட்டைப் பார்த்து இன்னொன்றில் அதே எண்ணைப் போட்டவர்கள் பிஸ்டனைச் சீஸ் ஆக்கியிருக்கிறார்கள். ஸ்லைடின் வெட்டிலும் இதே கதைதான். மிக்குனி ஸ்லைடில் 3.0 என்றால் வெட்டின் உயரம் 3 மில்லிமீட்டர். அமாலில் 3 என்றால் ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, அதாவது 4.76 மில்லிமீட்டர்.

எண்ணின் பொருள் தெரிந்தாலும் அந்த எண் இன்னும் உண்மையா என்பது தனிக் கேள்வி. பந்தயக்காரர்கள் கையில் வேண்டிய ஜெட் கிடைக்காதபோது இருக்கிறதைத் துளைத்துக்கொண்டார்கள். இறக்குமதிப் பொருள் சுலபமாகக் கிடைக்காத காலம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 100 என்று பொறித்த வட்டத் தலை ஜெட்டை 1.05 மில்லிமீட்டருக்குத் துளைத்தால் பரப்பு பத்து சதவீதம் கூடிவிடுகிறது. தலையில் எண் மாறுவதில்லை. துளைத்தவர் உள்வாயின் சரிவைக் கெடுத்திருந்தால், விட்டம் சரியாக இருந்தும் ஓட்டம் வேறாக இருக்கும்.

அதனால்தான் துளையையும் அளக்க வேண்டும், ஓட்டத்தையும் அளக்க வேண்டும். துளையை அளக்க 'பின் கேஜ்' எனப்படும் துல்லியமான அளவுக் கம்பிகள் போதும். ஓசூர் சிப்காட்டில் டூல் ரூம் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, 0.01 மில்லிமீட்டர் படியில் ஒரு செட்டை யாரிடமாவது பார்க்கலாம். டைட்டன் தன் எட்ஜ் கடிகாரத்துக்காக 1.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள இயக்கத்தை உருவாக்கியதும் இந்த ஊரில்தான். நூறில் ஒரு மில்லிமீட்டரைச் சாதாரணமாகப் பேசுகிற ஊரில், ஜெட்டைக் கண்ணால் பார்த்து 'சரியாத்தான் இருக்கு' என்று சொல்வது அழகில்லை.

ஓட்டம் அளக்க ஒரு சின்ன ஏற்பாட்டை நீயே செய்துகொள்ளலாம். மேலே ஒரு தொட்டி, அதில் மட்டம் குறையாமல் இருக்க வழிந்தோடும் குழாய், அடியில் ஜெட்டை மாட்டும் மரை, கீழே பாத்திரம், ஸ்டாப்வாட்ச். மட்டம் மாறாமல் இருப்பதுதான் உயிர். திரவத்தின் உயரம் பத்து சதவீதம் குறைந்தால் ஓட்டம் ஐந்து சதவீதம் குறைந்துவிடும், ஜெட்டின் மேல் பழி விழும். சேர்ந்த திரவத்தின் அளவைப் படிப்பதைவிட எடை போடுவது நல்லது. வெயிலில் திரவம் விரியும், எடை மாறாது. பெட்ரோலை மூடிய ஷெட்டுக்குள் இப்படி ஓடவிடாதே. பெட்ரோலைப்போல அவ்வளவு சுலபத்தில் தீப்பிடிக்காத மினரல் டர்பன்டைனை, காற்றோட்டமான இடத்தில், பயன்படுத்து. உனக்குத் தேவை கம்பெனிக்காரன் சொன்ன அதே எண் அல்ல. நம்பகமான ஒரு புது ஒரிஜினல் ஜெட்டோடு ஒப்பிட்டு, இது எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று தெரிந்தால் போதும்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுக்க வேண்டியது நீடில் ஜெட்டுக்கு. மெயின் ஜெட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் கால் திராட்டிலிலிருந்து முக்கால் திராட்டில் வரை, அதாவது வளைவிலிருந்து வெளியே வருகிற அந்த நேரம் முழுக்க, எஞ்சினுக்குத் தீனி போடுவது நீடிலுக்கும் நீடில் ஜெட்டுக்கும் நடுவே இருக்கிற வளைய இடைவெளி. மிக்குனியில் ஓ-0 என்று பொறித்த நீடில் ஜெட்டின் துளை 2.600 மில்லிமீட்டர். எழுத்தோடு வருகிற எண் ஒவ்வொன்றும் 0.005 மில்லிமீட்டர். எஞ்சின் அதிர்வில் நீடில் உள்ளே தட்டித் தட்டிப் பித்தளையைத் தேய்க்கும். துளை 2.63 ஆகிவிட்டது என்று வை. பொறிப்பு ஓ-0 என்றே இருக்கும், ஜெட் ஓ-6 ஆகியிருக்கும். நீடிலின் விட்டம் அந்த இடத்தில் 2.50 என்றால், இடைவெளியின் பரப்பு 0.40 சதுர மில்லிமீட்டரிலிருந்து 0.52-க்குப் போய்விடும். தேய்ந்தது தலைமுடியைவிட மெல்லிய அளவு, கூடியது முப்பது சதவீத எரிபொருள். நடு திராட்டிலில் வண்டி கக்குகிறது, பிளக் கறுக்கிறது என்று மெயின் ஜெட்டைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் கடைசியில் முழு திராட்டிலில் எஞ்சினைச் சீஸ் ஆக்குவது இந்த வழியில்தான்.

இங்கே பின் கேஜும் ஏமாற்றும். தேய்மானம் வட்டமாக நடப்பதில்லை. காற்று நீடிலைத் தள்ளுகிற ஒரு பக்கமாகவே நடக்கும். துளை முட்டை வடிவமாகிவிடும். பின் கேஜ் குறுகிய விட்டத்தைத்தான் சொல்லும். ஆகவே லூப் எனும் உருப்பெருக்கியை எடுத்து, ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சுற்றிப் பார். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் கேஜ் என்ன சொன்னாலும் அது மாற்ற வேண்டிய ஜெட். நீடிலையும் மைக்ரோமீட்டரில் இரண்டு திசையில் அள. எந்த ஜெட்டின் துளையிலும் இரும்புக் கம்பி விடாதே. அடைப்பு என்றால் ஊறவை, காத்திரு, ஏர் அடி.

ஃப்ளோட் பித்தளையாக இருந்தால் வெந்நீரில் அமிழ்த்திப் பார். ஓட்டை இருந்தால் உள்ளே இருக்கிற காற்று விரிந்து குமிழாக வெளியே வரும். ஈயம் வைத்து அடைத்தால் எடை கூடும். எடை கூடினால் ஃப்ளோட் தாழ்வாக மிதக்கும், எரிபொருள் மட்டம் உயரும், கலவை அடர்த்தியாகும். அடைப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு எழுது.

பாடியின் துளையை டெலஸ்கோப்பிக் கேஜால் முன்புறம், ஸ்லைடு இருக்கும் இடம், பின்புறம் என்று மூன்று இடத்தில், நெடுக்கும் குறுக்கும் அள. 20 மில்லிமீட்டர் மிக்குனியை 22-க்குக் கடைந்திருந்தால் பரப்பு இருபத்தொரு சதவீதம் கூடியிருக்கும்; கீழ் ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் குறைந்து எரிபொருளை இழுக்கும் பலம் குறையும். அப்படிக் கடைந்ததைத் தவறு என்று நினைத்துவிடாதே. மேல் ஆர்பிஎம்மிலேயே ஓடுகிற பந்தய எஞ்சினுக்காக ஒருவர் தெரிந்தே செய்தது அது. அமால் போன்ற துத்தநாகக் கலவை பாடிகளில் ஃபிளேஞ்ச் நட்டை அதிகம் முறுக்கி வளைத்திருப்பார்கள். சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே கள்ளக்காற்று நுழைந்தால் எந்த ஜெட்டாலும் ஈடுசெய்ய முடியாது.

எப்போதாவது கோ-கார்ட் கார்புரேட்டரும் வரும். 1956-ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் புல்வெட்டி எஞ்சினை வைத்து முதல் கார்ட்டைக் கட்டினார். கொஞ்ச காலத்தில் மெக்கலக் செயின்சா எஞ்சின்களும் டில்லாட்சன் கார்புரேட்டர்களும் அந்த உலகத்தைப் பிடித்துக்கொண்டன. இவற்றில் ஃப்ளோட் கிடையாது, டயாஃப்ரம்தான். இங்கே அளக்க வேண்டியது எரிபொருளை உள்ளே விடுகிற ஊசி எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பதை. கைப்பம்பும் அழுத்தமானியும் வைத்து, ஊசியை நனைத்துக்கொண்டு, பலமுறை ஒரே எண் வருகிறதா என்று பார்.

அடுத்தது காற்று. உன் ஊர் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய கடல்மட்டம். இங்கே அழகாக ஓடுகிற வண்டியை லாரியில் ஏற்றிக் கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகக் கீழே இறக்கினால், அங்கே காற்றின் அடர்த்தி பத்து சதவீதம் வரை கூட இருக்கும். கார்புரேட்டர் தன்னால் கொஞ்சம் கூடுதலாக எரிபொருளை இழுத்துக்கொள்ளும், முழுவதையும் ஈடுசெய்யாது. கலவை ஐந்து சதவீதம்போல மெலிந்துவிடும். ஓட்டத்தைக் குறிக்கும் ஜெட்டில் 100 இருந்தால் 105 தேவை. விட்டத்தைக் குறிக்கும் ஜெட்டில் 102 அல்லது 103 போதும். பகலில் வெயில் ஏறினால் காற்று லேசாகி இந்த வித்தியாசம் சுருங்கும். ஆபத்து விடியற்காலைப் பயிற்சி ஓட்டத்தில்தான். டூ-ஸ்ட்ரோக்கில் மெலிந்த கலவை என்றால் குறைவான ஆயிலும்கூட. சானமாவில் செட் பண்ணிக்கொடுத்த கார்புரேட்டரோடு இரண்டு மேல் சைஸ் ஜெட்டுகளைக் கவரில் போட்டு, எந்த இடத்துக்கு எது என்று எழுதி அனுப்பு. செட்டிங்கைச் சோதிக்க நெடுஞ்சாலைக்குப் போகாதே. பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் இறங்குகிற மாதங்களில் காட்டோரச் சாலையில் முழு திராட்டிலில் போவது உனக்கும் ஆபத்து, அவற்றுக்கும் ஆபத்து.

பெட்ரோலும் மாறிவிட்டது. அந்த டியூனர் செட் பண்ணியது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்குச் சுமார் 13.5 கிலோ போதும். பழைய ஜெட்டோடு இ20 ஊற்றினால் கலவை எட்டு சதவீதத்துக்கு மேல் மெலிந்துவிடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், துத்தநாகக் கலவையில் வெள்ளைப் பூ பூக்க வைக்கும், பழைய ரப்பர் வாஷர்களை ஊதவைக்கும். ரப்பர் எல்லாவற்றையும் வைட்டான் வகைக்கு மாற்று. ஓட்டி முடித்ததும் கிண்ணத்தை வடித்துவிடச் சொல். உயரம், எத்தனால் இரண்டும் சேர்ந்தால் பழைய டியூனரின் எண்கள் அப்படியே செல்லாது. ஆனாலும் எங்கிருந்து தொடங்குவது என்பதை அந்த எண்கள்தான் சொல்லும். அவர் எந்தத் தடத்தில், எந்த மாதத்தில், எந்தப் பெட்ரோலில் ஓட்டினார் என்று வண்டியைக் கொண்டுவருபவரிடம் கேட்டு வாங்கு.

கடைசியாகக் காசு விஷயம். அளக்கிற வேலைக்குத் தனியாகக் கூலி வாங்கு. ரிப்பேர் கூலிக்குள் அதை மறைத்தால் அவசரத்தில் நீயே அதைத் தவிர்த்துவிடுவாய், வாடிக்கையாளருக்கும் அதன் மதிப்பு தெரியாது. கார்புரேட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு பத்தியாக எழுதிய ஒரு தாளும் கூடப் போகட்டும்: வந்தபோது இருந்த அளவு, இப்போது இருக்கும் அளவு. கழற்றிய பழைய ஜெட், நீடில், ஸ்லைடு எதையும் ஸ்கிராப்பில் போடாமல் கவரில் போட்டுப் பெயர் எழுதி அவரிடமே கொடு. தாளின் நகல் ஒன்று உன் நோட்டில் இருக்கட்டும். அதே கார்புரேட்டர் சில வருடங்கள் கழித்து வேறொருவர் வண்டியில் உன்னிடமே திரும்பி வந்தால், நீடில் ஜெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அந்த நகலை வைத்து நேராகக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.