நீர் அணைக்கும் ஒளி

எல்.இ.டி. விளக்குகள் பரவும் முன், செல்லூர்த் தறிக்கூடங்கள் முதலாகத் தமிழகத்து இல்லங்கள் பலவற்றில் சிறுகுழல் விளக்குகளே எரிந்தன. அவ்வெண்ணொளியில் செம்மையைச் சேர்த்தது யூரோப்பியம் என்னும் லாந்தனைடு தனிமம். அச்செம்மை குன்றினால் சிவப்பு நூல் மங்கித் தோன்றும். நெசவாளிக்கு அது சிறு குறையன்று.

லாந்தனைடுகள் தமிழ் மண்ணுக்குப் புதியன அல்ல. அவற்றைத் தாங்கிய மோனசைட்டு, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ளது. திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு, 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் அதனை அறிந்தார். ஆயினும் அதில் யூரோப்பியத்தின் பங்கு மிகச் சிறிதே.

விளக்கினுள் ஆக்சைடுப் படிகத்தில் சுடர்விடும் இவ்வயனி, நீரில் கரைந்ததும் ஒளி குன்றுவது ஏன்? நீரில் எட்டு அல்லது ஒன்பது நீர் மூலக்கூறுகள் அதனைச் சூழ்ந்து பிணைகின்றன. கிளர்வுற்ற யூரோப்பியம் ஒளியாக வெளியிட வேண்டிய ஆற்றலை, அம்மூலக்கூறுகளின் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் அதிர்வாக வாங்கிக்கொள்கின்றன. கடக்க வேண்டிய ஆற்றல் இடைவெளி, அலை எண்ணில் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 12,300. நீரின் ஓர் அதிர்வு ஏறத்தாழ 3,400. நான்கே படிகளில் ஆற்றல் இறங்கிவிடுகிறது! கனநீரில் ஓர் அதிர்வு 2,500 அளவே. ஐந்து படிகள் வேண்டும். படி ஒன்று கூடினால் ஆற்றல் கசியும் வாய்ப்புப் பெரிதும் குறையும். ஆகவே, நீரில் 0.1 மில்லி விநாடியளவே நீடிக்கும் கிளர்வு நிலை, கனநீரில் 3 மில்லி விநாடிக்கும் மேல் நீடிக்கிறது. இவ்வேறுபாட்டை அளந்து, அயனியோடு பிணைந்த நீர் மூலக்கூறுகளை எண்ணும் முறையை ஹாராக்ஸும் சட்னிக்கும் 1979இல் வகுத்தனர். காண இயலாதவற்றை ஒளி மங்குவதைக் கொண்டே எண்ணியது வியப்புக்குரியது.

அயனியோடு நேரே பிணைந்த நீரை ஈனிகளைக் கொண்டு விலக்கினாலும் சிக்கல் முற்றிலும் தீராது. ஈனியின் ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றி, இரண்டாம் வளையமாக நீர் நிற்கும். தொலைவு கூடியதால் அதன் கவர்வு வலு குறைந்தது. எனினும் அதுவும் ஒளியை ஓரளவு குறைக்கும்.

பச்சிளங்குழந்தையின் தைராய்டு குறையைக் கண்டறியும் சோதனை ஒன்றில், குதிகாலில் எடுத்த இரத்தத் துளியிலுள்ள தைராய்டு தூண்டும் ஹார்மோனின் அளவை யூரோப்பிய ஒளியே காட்டுகிறது. அங்கே நீரை அயனியிடமிருந்து விலக்க, பாஸ்பீன் ஆக்சைடுச் சேர்மத்தையும் சோப்புப் போன்ற பொருளையும் சேர்க்கின்றனர். அவ்வுறைக்குள் அயனி மீண்டும் சிவந்து ஒளிர்கிறது.