வாசிக்கக் கற்றலின் படிநிலைகள்

குழந்தை ஒரே நாளில் வாசிக்கக் கற்றுவிடுவதில்லை. எழுத்தை இனங்காணல், எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்கல், வாக்கியத்தைத் தடையின்றி வாசித்தல், பொருளுணர்தல் எனப் படிப்படியாகவே முன்னேறுகிறது.

இவ்வுண்மையை உணர்ந்து பாடநூல் வகுத்தவர், கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஈசுவர சந்திர வித்யாசாகர். 1855-இல் இரு பகுதிகளாக வெளிவந்த அவரது 'வர்ண பரிசய்', வழக்கிழந்த எழுத்துகளை நீக்கி, வங்க நெடுங்கணக்கை 12 உயிர், 40 மெய் எனச் சீரமைத்தது. முதற்பகுதியில் எழுத்துகளும், எளிய சொற்களும், சிறு வாக்கியங்களும் இடம்பெற்றன. கூட்டெழுத்துகள் இரண்டாம் பகுதிக்கு ஒதுக்கப்பட்டன. இதற்குக் காரணம் உண்டு. தமிழில் மெய்யெழுத்தைப் புள்ளி தனித்துக் காட்டிவிடுகிறது. வங்க எழுத்திலோ இரு மெய்கள் இணைந்து புதுவடிவம் பெறுவதால், எழுத்தறிந்த குழந்தையும் அவ்விடத்தில் இடறக்கூடும். 1930-இல் நந்தலால் போஸின் ஓவியங்களுடன் வெளிவந்த தாகூரின் 'சஹஜ் பாட்', கற்கும் பாதைக்கு ஓசையின்பத்தையும் சேர்த்தது.

ஒரு படியில் தேங்கிய குழந்தை, வகுப்பு உயர உயர ஏனைய பாடங்களிலும் பின்தங்குகிறது; வரலாறும் அறிவியலும் வாசிப்பின் வழியே வருபவை அல்லவா? மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் இத்திறனை உறுதிசெய்வதை நிபுண் பாரத் இயக்கம் 2021-இல் இலக்காகக் கொண்டது இதனாலேயே. ஆகவே பள்ளியைப் பார்வையிடும் அலுவலர், பாடம் எதுவரை நடந்தது என்று கேட்பதோடு நில்லாமல், ஒவ்வொரு குழந்தையும் எந்தப் படியில் நிற்கிறது என்பதையும் அறிந்து, அங்கிருந்தே கற்பித்தலைத் தொடங்கச் செய்தல் வேண்டும்.