உப்பு மண்ணில் ஓர் ஊர்

வங்காள விரிகுடாக் கரையில் ஒரு பெரிய காடு இருக்கிறது. அதன் பெயர் சுந்தரவனம். மேற்கு வங்காளத்திலும் வங்காள தேசத்திலும் அது பரவியிருக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய அலையாத்திக் காடு இதுதான். நம் பிச்சாவரத்தில் இருப்பதும் இதே வகைக் காடுதான்.

சுந்தரவனத்தில் தீவுகள் பல. தினமும் இரண்டு முறை கடல் நீர் ஏறும். இரண்டு முறை வற்றும். ஆற்று நீரும் உப்புக் கரிக்கும். காட்டில் புலி. ஆற்றில் முதலை. இங்கே மக்கள் எப்படி ஊர் அமைத்தார்கள்? வாருங்கள், படிப்போம்.

காடு கழனி ஆனது

டேனியல் ஹாமில்டன் என்பவர் ஸ்காட்லாந்துக்காரர். கல்கத்தாவில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1903-இல் அரசிடம் சுமார் 9,000 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அதில் முக்கியமான ஊர் கோசாபா. நிலமில்லாத ஏழைகள் அங்கே வந்து குடியேறினார்கள். சோட்டா நாகபுரிப் பழங்குடி மக்களும் வந்தார்கள்.

மரங்களை வெட்டினார்கள். நிலத்தைச் சுற்றி மண்கரை போட்டார்கள். மழை பெய்தது. மண்ணில் இருந்த உப்பு கரைந்தது. கடல் வற்றும் நேரம் மதகைத் திறந்து, அந்த நீரை வெளியே விட்டார்கள். கடல் ஏறும் நேரம் மதகை மூடினார்கள். குடிக்கக் குளம் வெட்டி மழைநீரைத் தேக்கினார்கள். பல மழைக்காலம் போன பிறகு நெல் விளைந்தது.

கடன் தீர வழி

நெல் விளைந்தால் போதுமா? வட்டிக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போனால் என்ன மிஞ்சும்? அதனால் கோசாபாவில் கூட்டுறவுச் சங்கங்களை ஏற்படுத்தினார்கள். சங்கம் கடன் கொடுத்தது. கூட்டுறவுப் பண்டகசாலையில் சாமான் கிடைத்தது. பள்ளிக்கூடங்களும் வந்தன. 1932 டிசம்பரில் கவிஞர் தாகூர் இந்த ஊரை நேரில் வந்து பார்த்தார். 1936-இல் கோசாபாவுக்கு என்றே ஒரு ரூபாய் நோட்டு அச்சிட்டார்கள். அதைக் கொடுத்து அரிசி, துணி, எண்ணெய் வாங்கலாம். ஹாமில்டன் 1939-இல் காலமானார்.

கரை உடைந்த நாள்

ஆறு வண்டல் மண்ணைக் கொண்டுவரும். கடல் ஏறும்போது அந்த வண்டல் தீவில் படியும். இப்படித்தான் தீவு கொஞ்சம் கொஞ்சமாக உயரும். கரை போட்டதும் வண்டல் உள்ளே வருவது நின்றது. அது ஆற்றின் அடியிலேயே தங்கியது. ஆறு மேடானது, வயல் பள்ளமாகவே நின்றது. கடல் ஏறும் நேரம், வயலைவிட ஆற்று நீர் உயரமாக நிற்கும். நடுவில் இருப்பது மண்கரை ஒன்றுதான்.

2009 மே 25 அன்று ஐலா புயல் அடித்தது. பல இடங்களில் கரை உடைந்தது. உப்பு நீர் வயலிலும் குளத்திலும் புகுந்தது. பல வயல்களில் சில ஆண்டுகள் சரியாக விளைச்சல் இல்லை. குடும்பத்தை விட்டு வெளி மாநிலங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் பலர். தமிழ்நாட்டுக்கு வந்தவர்களும் உண்டு.

மக்கள் கற்ற பாடம்

கரைக்கு முன்னால் அலையாத்தி மரங்கள் இருந்தால் அலையின் வேகம் குறையும். வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பல ஊர்களில் பெண்கள் கூடி, சேற்றில் இறங்கி அலையாத்திக் கன்றுகளை நட்டார்கள். உப்பைத் தாங்கும் பழைய நெல் வகைகளைத் தேடி விதைத்தார்கள்.

அன்று காட்டை வெட்டிக் கரை போட்டார்கள். இன்று கரையைக் காக்கக் காட்டை வளர்க்கிறார்கள். இரண்டையும் செய்தது உழைக்கும் மக்களின் கைகளே.

கூடிப் பேசுவோம்

1. மண்ணில் இருந்த உப்பை எப்படி நீக்கினார்கள்?
2. கரைக்குள் இருக்கும் வயல் ஏன் பள்ளமாகவே நின்றது?
3. உங்கள் ஊரில் வெள்ளத்தைத் தடுக்கும் கரை, மரம், குளம் எவை? அவற்றை யார் காக்கிறார்கள்?