தென்மேல் மழைக்காலத்தில் கொழுக்கிப்புழுவும் இரத்தச்சோகையும்

கொழுக்கிப்புழு சிறுகுடலின் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணி. ஒரு புழுவால் நாளொன்றுக்கு இழக்கப்படும் இரத்தம் ஒரு துளியளவே. ஆனால் தேயிலை மலையில் காலில் ஏறும் அட்டை வயிறு நிறைந்ததும் விழுந்துவிடும். கொழுக்கிப்புழுவோ ஆண்டுக்கணக்கில் விடாது. புழுக்கள் பெருகும்போது உடலின் இரும்புச்சத்து வற்றி ஹீமோகுளோபின் இறங்குகிறது.

மலம் கலந்த ஈரமண்ணில் முட்டை பொரித்து, ஒரு வாரமளவில் குடம்பி தொற்றும் நிலையை அடையும். வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகும். விரலிடுக்கில் எழும் அரிப்பே முதல் அடையாளம். நுவரெலியா நகரின் குளிரில் குடம்பியின் வளர்ச்சி மந்தம். கினிகத்தேனை போன்ற தாழ்வான, வெப்பமான பகுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரையான மழை அதற்கு வாய்ப்பாகிறது.

1916இல் ராக்பெல்லர் நிதியத்தின் துணையுடன் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. மருந்து குடித்தவர்களுக்கும் தொற்று மீண்டும் வந்தது. லயங்களில் போதிய மலசலகூடங்கள் இல்லாததே காரணம். ஆகவே, மழைக்கு முன்பே உடைந்த மலசலகூடங்களைத் திருத்தித் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது தொழிலாளரின் உரிமை.

கொழுந்து மலைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் செருப்போ பூட்ஸோ அணிந்தே செல்ல வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்குதல், கண்ணிமையின் உட்புறம் வெளுத்தல், ஓயாத களைப்பு ஆகியவற்றை வேலை அலுப்பு என்று தள்ளிவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. அவர்கள் முதல் மூன்று மாதங்களில் பூச்சி மருந்து எடுக்கலாகாது. பின்னர் குடும்ப நல உத்தியோகத்தர் சொல்லும் வேளையில் எடுக்கலாம்.

பூச்சி மருந்து புழுவைத்தான் அகற்றும். இழந்த இரும்பை நிரப்பாது. இரும்புச்சத்து மாத்திரையை வைத்தியர் சொன்ன காலம் முழுவதும் எடுக்க வேண்டும். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் தேத்தண்ணி குடிப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்: தேயிலையின் சாயம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது. ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கலாம். கொய்யாவும் தேசிக்காயும் இரும்பு சேர உதவும்.

இதே மழையில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் வரும். இவை இரத்தத் தட்டுகளைச் சில நாட்களிலேயே குறைத்துவிடக்கூடியவை. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறு வலிமாத்திரை எடுக்கக் கூடாது. மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதிக்க வேண்டும். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது வழமை. ஆனால் காய்ச்சலோடு மலம் கறுத்தாலோ முரசில் இரத்தம் கசிந்தாலோ தாமதியாமல் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்ல வேண்டும்.