1948க்கு முன்னும் இருந்தார்கள்

அன்புள்ள கயல்விழி,

உன் கட்டுரை கிடைத்தது. நடை நன்று, முதல் வரிதான் உறுத்துகிறது. பிரிட்டனில் கறுப்பின மக்களின் வரலாறு 1948இல் கரீபியக் குடியேறிகளை ஏற்றிவந்த 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலோடு தொடங்கியதாம்! விவரம் தெரிந்தவர்களே இப்படி எழுதுவதைப் பார்த்துச் சலித்துவிட்டேன். நீயும் எழுதலாமா?

ஜான் பிளாங்க் கதையைக் கேள். ஏழாம் ஹென்றி, எட்டாம் ஹென்றி இருவர் அவையிலும் எக்காளம் ஊதிய கறுப்பினக் கலைஞர். நாள் சம்பளம் 8 பென்ஸ். 1511இல் எட்டாம் ஹென்றிக்கு மகன் பிறந்ததைக் கொண்டாட வெஸ்ட்மின்ஸ்டரில் ஈட்டிப் போட்டி நடந்தது. அதைத் தீட்டிய நீண்ட தோல் சுருளில், குதிரையேறி வரும் எக்காளக்காரர் ஆறு பேரில் தலைப்பாகை கட்டியவர் இவர் ஒருவரே. இரண்டு இடங்களில் இருக்கிறார், தேடிப் பார்.

அந்தப் படத்தைவிட அவர் போட்ட மனு எனக்கு முக்கியம். உடன் ஊதியவர் ஒருவர் இறந்ததும், "இந்தச் சம்பளம் போதவில்லை; அவர் இடத்தை எனக்குத் தாருங்கள்" என்று அரசனிடமே கேட்டார். கேட்டது 16 பென்ஸ், அதாவது இரட்டிப்பு. அரசன் இசைந்தான். 1512இல் அவர் கல்யாணத்துக்கு ஆடையும் பரிசளித்தான். கறுப்பினத்தவர் என்றாலே அடிமை என்று எண்ணுகிறவர்கள் இந்த மனுவைப் படிக்கட்டும்.

அதற்காக எல்லோரும் சுகமாக வாழ்ந்தார்கள் என்று மறுபக்கம் சாய்ந்துவிடாதே. மூழ்கிய 'மேரி ரோஸ்' போர்க்கப்பலின் பீரங்கிகளை மீட்க முத்துக்குளிப்பவர்போல் மூச்சடக்கி இறங்கிய ஆப்பிரிக்கர் ஜாக் பிரான்சிஸ். 1548இல் கடல்சார் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோது, அடிமையின் பேச்சு செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. பிற்பாடு, பதினெட்டாம் நூற்றாண்டில், அடிமை வணிகத்தில் லிவர்பூலும் பிரிஸ்டலும் கொழுத்தன. அதே நூற்றாண்டில், 1774இல், கறுப்பின மளிகைக்கடைக்காரர் இக்னேஷியஸ் சாங்க்கோ நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு.

பீட்டர் ஃபிரையரின் 'ஸ்டேயிங் பவர்' நூலைக் கட்டாயம் படி. விண்ட்ரஷ் வந்திறங்கியதைச் செய்தியாக எழுதிய பத்திரிகையாளர் அவர். அவரே 1984இல் இந்த வரலாற்றை எழுதியபோது தொடங்கிய இடம் 1948 அல்ல; பிரிட்டனின் ஹேட்ரியன் சுவரைக் காத்த, ரோமானியப் படையின் ஆப்பிரிக்க வீரர்கள்!

1948ஐ நீக்கச் சொல்லவில்லை. பெருங்குடியேற்றத்தின் தொடக்கம் என்று அதற்குரிய இடத்தில் வை. முதல் வரியை அடித்துவிட்டு, கட்டுரையைத் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்