உயிர்பெறாத அட்டை

பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகம் 1909ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கு 2022ஆம் ஆண்டில் 'பரம் பிரவேகா' என்னும் மீத்திறன் கணினி நிறுவப்பட்டது. உச்ச வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 33 கோடிக் கோடி கணக்குகளைச் செய்யவல்லது. பெயர் பெரிதாயினும், திறந்து நோக்கினால் அது அடுக்கடுக்காய் அமைந்த வழங்கிக் கணினிகளின் தொகுப்பே.

வழங்கிக் கணினியின் தாய்ப்பலகையில் நீண்ட செருகுவாய்கள் உள்ளன. கூடுதல் திறன் வேண்டுமெனில் அவற்றில் விரிவாக்க அட்டையைப் பொருத்துவர். எளிய வேலை போலவே தோன்றும். ஆயினும் பொருத்தி இயக்கிய பின்னும், அப்படியோர் அட்டையே இல்லாதது போலக் கணினி வாளாவிருப்பதுண்டு. அதனை நம்பிய ஆய்வுகள் அனைத்தும் அதுவரை காத்துக் கிடக்கும். அட்டை பழுதென்று உடனே திருப்பி அனுப்புவோரும் உளர். பெரும்பாலும் அது அவசர முடிவே.

முதலில் காணவேண்டிய காரணம் மிகச் சிறியது. அட்டை நேராக இருப்பதாகவே தெரியும். ஆனால் ஒரு முனை மயிரிழை அளவு உயர்ந்து நிற்கும். மின்வடத்தை நீக்கி, அட்டையைக் கழற்றி, இருபுறமும் சீராக அழுத்திப் பொருத்தினால் போதும். அடுத்தது மின்சாரம். செருகுவாய் தரவல்லது 75 வாட் மட்டுமே. வரைகலை அட்டைகளுள் 250 வாட் வேண்டுவனவும் உண்டு. அவற்றிற்குத் தனி மின்வடம் இணைக்கவேண்டும்.

இவை இரண்டும் சரியாயிருந்தும் அட்டை உயிர்பெறாவிடில், செயலிகளைக் கருதவேண்டும். பல வழங்கிக் கணினிகளில் இரண்டு செயலிகளுக்கு இடமுண்டு. செருகுவாய்களுள் சில முதற்செயலியோடும், மற்றவை இரண்டாம் செயலியோடும் இணைந்தவை. செலவு கருதி ஒரே செயலியுடன் வாங்கிய கணினியில், மற்றதற்குரிய செருகுவாய்கள் வெறும் பிளவுகளே. எத்துணை நல்ல அட்டையும் அங்கே இயங்காது. எச்செருகுவாய் எச்செயலிக்கு உரியது என்பதைக் கையேட்டின் படம் காட்டும். அப்படத்தைப் பார்ப்போர் தாம் குறைவு! செருகுவாயின் நீளமும் ஏமாற்றவல்லது. பதினாறு தடங்களுக்குரிய நீளம் இருந்தும் உள்ளே எட்டுத் தடங்களே இணைந்திருக்கலாம். அட்டை இயங்கும்; வேகம் குறையும்.

ஐயம் தீரவில்லையெனில், அதே அட்டையை இயங்கும் வேறொரு செருகுவாயில் இட்டுப் பார்ப்பர். அங்கே இயங்கினால் குறை அட்டையில் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எது குறையைத் தீர்த்தது என அறிய இயலாது. கணினி உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற பெங்களூரு எஸ்.பி. சாலையில் பழுதுபார்ப்போருக்கும் இம்முறை பழகியதே.

இவ்வளவும் செய்யும்போது மணிக்கட்டில் நிலமின் பட்டை அணிதல் வேண்டும். வறண்ட காற்றுள்ள நாளில் உடலில் மின்னூட்டம் சேரும். கை உணராத சிறு மின்பாய்ச்சலே நல்ல அட்டையையும் கெடுத்துவிடும்.

பயிற்சி

1. செருகுவாய் 'வெறும் பிளவு' ஆவது எப்போது?
2. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவது ஏன்?
3. வாளாவிருத்தல், மயிரிழை – சொற்றொடரில் அமைத்து எழுதுக.