வெயிலை விரும்பும் பத்துமணிப் பூ

முன்னுரை

நீலகிரியில் வாழும் நமக்கு வெயில் என்றால் விருப்பம். மூடுபனி விலகிச் சற்றே வெயில் எட்டிப் பார்த்தால் போதும், வாசலில் போய் நின்றுகொள்வோம். ஆனால் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு மக்களுக்கு வெயில் அப்படி இனிப்பதில்லை. தேரி என்பது காற்றினால் குவிந்த செம்மணல் மேடாகும். சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரங்களில் இதனைக் காணலாம். தமிழ்நாட்டில் பாலைவனத்தை நினைவூட்டும் இடம் எது என்று கேட்டால், தேரியைத்தான் சொல்ல வேண்டும். கோடையில் அங்கே செருப்பின்றி நடக்க இயலாது. அத்தகைய மண்ணிலும் தரையோடு படர்ந்து பூத்துக் குலுங்கும் செடி ஒன்று உண்டு. அதனைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

நான் செய்த தவறு

தேரியை ஒட்டிய ஒரு சிற்றூரில் என் ஆச்சி வசிக்கிறார்கள். கோடை விடுமுறைக்குச் சென்றபோது குன்னூரிலிருந்து ஹைட்ராஞ்சியாச் செடி ஒன்றைக் கொண்டு போனேன். நம் ஊரில் வேலியோரமெல்லாம் நீலப் பந்துகளாய்ப் பூக்கும் அச்செடி ஆச்சி வீட்டு முற்றத்திலும் பூக்க வேண்டும் என்பது என் ஆசை. நாள்தோறும் காலையும் மாலையும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஐந்தாம் நாள் இலைகள் கருகிவிட்டன. நான் ஊற்றியது, தெருக் குழாயடியில் வரிசையில் நின்று சித்தி இடுப்பில் சுமந்து வந்த தண்ணீர். வீட்டிற்குக் குடிக்கவும் சமைக்கவும் அதுதான்.

ஆச்சி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஏட்டி, மண்ணு என்ன கேக்குன்னு பாத்துச் செடி வைக்கணும்" என்று மட்டும் சொல்லி, ஊர்க் கோயிலின் மாதா கெபிக்கு அழைத்துச் சென்றார்கள். கெபியைச் சுற்றிலும் சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை எனப் பல நிறப் பூக்கள் பாய் விரித்தாற்போல் தரையை மூடியிருந்தன. முன்பு அங்கே ரோஜா வைத்து, அது பட்டுப் போன பின் ஆச்சி நட்டவை அவை. அதுவே பத்துமணிப் பூ. டேபிள் ரோஸ் என்றும் கூறுவர்.

பிறப்பிடம்

இச்செடியின் தாயகம் தென் அமெரிக்கா. அர்ஜென்டினா, உருகுவே, தென் பிரேசில் ஆகிய இடங்களில் இயற்கையாக வளர்கிறது. 1829-ஆம் ஆண்டில் ஹூக்கர் என்னும் தாவரவியல் அறிஞர் இதற்குப் போர்ட்டுலாக்கா கிராண்டிஃப்ளோரா எனப் பெயரிட்டார். நாம் சமைத்து உண்ணும் பருப்புக்கீரையும் இதே போர்ட்டுலாக்கா பேரினத்தைச் சேர்ந்ததே. பத்துமணிச் செடி ஒரு சாண் உயரத்திற்கு மேல் பெரும்பாலும் வளராது. வெயில் ஏறியதும் பூ விரியும், பிற்பகலில் சுருங்கிவிடும். மேகமூட்டமான நாளில் சரியாக விரிவதில்லை.

நீரைச் சேமிக்கும் விதம்

இதன் இலையைக் கிள்ளிப் பார்த்தால் சிறு உருளை போலத் தடித்திருக்கும். அதுவே இச்செடியின் தண்ணீர்க் குடம். இலைகளில் நுண்ணிய துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கரியமில வாயு உள்ளே வரும். அதே வழியே நீர் ஆவியாக வெளியேறும். துளையைத் திறந்தால் நீர் போகும், மூடினால் உணவு தயாரிக்க வாயு கிடைக்காது. வறண்ட நிலத்துச் செடிகளுக்கெல்லாம் உள்ள இக்கட்டு இது.

சாதாரண நாட்களில் பத்துமணிச் செடி, கரும்பும் சோளமும் கையாளும் சிக்கன முறையில் உணவு தயாரிக்கிறது. நீர் குறைந்தபோது, கரியமில வாயுவை இரவில் மாலிக் அமிலமாக மாற்றி இலையில் சேமித்துக்கொள்கிறது. பகலில் அதனைப் பிரித்துப் பயன்படுத்துகிறது. ஆகவே கொதிக்கும் வெயிலில் துளைகளை அகலத் திறந்து வைக்க வேண்டியதில்லை. இவ்விரு முறைகளும் ஒரே செடியில் அமைவது அரிது. பருப்புக்கீரையில் இவை ஒரே செல்களுக்குள் இணைந்து நடப்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் விளக்கினர்.

நடும் முறை

ஆச்சி எனக்குக் கற்றுக் கொடுத்த முறை இது:

1. நாள் முழுவதும் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். நிழலில் தண்டு நீளுமே தவிர, பூ வராது.

2. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை மாதத்தில் நடுவது நல்லது. நீர் தேங்கும் பள்ளம் கூடாது.

3. மூன்று நான்கு அங்குலத் தண்டைக் கிள்ளி, அடி இலைகளை நீக்கி, ஓர் அங்குலம் மண்ணில் புதைக்க வேண்டும். செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி போதும்.

4. வேர் பிடிக்கும் வரை மண் சற்று ஈரமாக இருக்கட்டும். அதன் பின் மண் நன்கு காய்ந்தால் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். ஆச்சி ஊற்றுவது பாத்திரம் அலசிய தண்ணீர்தான்.

5. மட்கிய சாணம் ஒரு கை போதும். எரு மிகுந்தால் இலை கொழுக்கும்; பூ குறையும்.

6. தண்டு நீண்டு பூ குறைந்தால் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளியதையே வேறிடத்தில் நடலாம்.

செடிகள் நெருங்கிப் படர்ந்த பின் தரையில் நேரடி வெயில் படாது. மேல் மணலும் காற்றில் எளிதில் பறக்காது.

நம் மலையில்

நான் திரும்பும்போது சில தண்டுகளைக் குன்னூருக்குக் கொண்டு வந்து தோட்டத்தில் நட்டேன். ஜூன் மாத மழையில் அனைத்தும் அழுகிப் போயின. தேரியில் ஹைட்ராஞ்சியாவுக்கு நேர்ந்தது, இங்கே பத்துமணிக்கு நேர்ந்தது!

கிறிஸ்துமஸுக்கு ஆச்சி ஒரு காகிதப் பொட்டலத்தில் விதை அனுப்பினார்கள். இதன் காய் சின்னஞ்சிறு செப்பு போன்றது. முற்றியதும் மூடி கழன்று, பொடி போன்ற விதைகள் உதிரும். இம்முறை பனிக்காலம் முடியும் வரை பொறுத்திருந்தேன். மார்ச் மாதத்தில், பாதிக்குப் பாதி மணல் கலந்த தொட்டியில் விதைகளை மேலாகத் தூவி, வெயில் விழும் ஜன்னலில் வைத்தேன். மே மாதத்தில் ஐந்து பூக்கள் பூத்தன. பத்து மணிக்கு அல்ல, பதினொன்றரைக்கு!

பொருந்தாத மண்ணில் செடி அழிகிறது. அளவுக்கு மீறிப் பொருந்திவிட்டாலோ அம்மண்ணுக்குரியவை அழிகின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இங்கு கொண்டுவரப்பட்ட வாட்டில் எனும் சீகை மரம், நம் மலையின் புல்வெளிகளில் பரந்த பகுதிகளை மூடிவிட்டது. ஆகவே நடுவதற்கு முன் அழகை மட்டும் பார்த்தால் போதாது.

முடிவுரை

தோழியரே, செடி வைக்கும் முன் வெயில் எவ்வளவு, மழை எப்போது, தண்ணீர் யார் சுமப்பது என்ற மூன்று கேள்விகளைக் கேட்போம். வயல்வெளி மலர்களைக் கவனிக்கச் சொன்னார் நம் ஆண்டவர் இயேசு. அவை எந்த மண்ணில் மலர்கின்றன என்பதையும் சேர்த்துக் கவனிப்போம். அடுத்த விடுமுறைக்கு ஆச்சி வீட்டிற்கு நான் செடி எதுவும் கொண்டு போகப் போவதில்லை. சித்தியோடு குழாயடிக்குப் போய் ஒரு குடம் நானும் சுமப்பேன்.